ஓரி கூட்டுச் சேர்ந்திருந்தால்?

கொல்லிமலைக்குப் பிரயாணம் கிளம்புகிறவர்கள் கைப்பையில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்வது நல்லது. நாமக்கல் மாவட்டத்தில், அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே போய்ச் சேருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள்! குழந்தைகள் உற்சாகமாக எண்ணிக்கொண்டே வருவார்கள். பெரியவர்கள் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள்.

மேலே போய்விட்டாலோ ஒரே பசுமை. மிளகுக் கொடி, பலா, அன்னாசி, காபிச் செடி என்று கண்ணுக்கு விருந்துதான். செம்மேட்டில் குதிரைமேல் அமர்ந்த வீரன் ஒருவனின் சிலை இருக்கிறது. அவன்தான் இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி. கடையேழு வள்ளல்களில் ஒருவன். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதாக வன்பரணர் பாடிய வில்லாளி.

இத்தனை செழிப்பான மலையைப் பக்கத்து அரசர்கள் சும்மா விடுவார்களா? முள்ளூர் மன்னன் காரி படையெடுத்து வந்து ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனிடம் ஒப்படைத்தான். வெற்றி பெற்ற காரி ஓரியின் தெருவில் நுழைந்தபோது எழுந்த பெரும் ஆரவாரத்தை நற்றிணை சொல்லுகிறது. அந்தத் தெருவில் அன்று எத்தனை வீடுகளில் அடுப்பு எரியாமல் கிடந்ததோ!

'ஐயோ, ஓரி யாராவது பெரிய அரசரோடு கூட்டுச் சேர்ந்திருந்தால் பிழைத்திருப்பானே!' என்று நமக்குத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் அப்படி நடந்த கதையும் உண்டு. தகடூர் அதியமானோடு இரண்டு பெருவேந்தர்கள் சேர்ந்து நின்றார்கள். பெருஞ்சேரல் இரும்பொறை இதே கொல்லிக் கூற்றத்தில் மூவரையும் ஒருங்கே வென்றான் என்கிறது பதிற்றுப்பத்து. தகடூர்க் கோட்டையும் வீழ்ந்தது. பெரியவன் பக்கம் நின்ற காரியின் குலமாவது தப்பியதா? மலையமானின் பிள்ளைகளைச் சோழன் யானைக் காலில் இட முனைந்தபோது, கோவூர் கிழார் பாடித்தான் அவர்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

சின்ன நாடு தனியே நின்றாலும் ஆபத்து. பெரிய நாட்டோடு சேர்ந்தாலும் ஆபத்து. பெரியவர்கள் சண்டையில் சிறியவர்களுக்குக் கிடைப்பது அவ்வளவுதான் போலிருக்கிறது.

ஆனாலும் ஒரு சமாதானம் உண்டு. ஆண்டுதோறும் ஆடிப் பெருக்கை ஒட்டி இந்த மலையில் விழா எடுக்கிறார்கள். மலையைப் பிடித்த காரிக்கல்ல, பெற்றுக்கொண்ட சேரனுக்கும் அல்ல. தன்னை நாடி வந்தவர்களுக்கு வாரிக் கொடுத்த ஓரிக்குத்தான்!