பட்டம் பெறாத ஏடுகள்

பல்கலைக்கழகமொன்று எவற்றைப் பேணி வைத்திருக்கின்றது என வினவின், நூல்களை என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். அவ்விடை தவறன்று, ஆயின் முழுமையானதுமன்று. அச்சேறி விலைக்கு வரும் நூல் பல இடங்களில் இருக்கும். ஓரிடத்தில் அழிந்தாலும் பிறிதோரிடத்திற் கிடைக்கும். பல்கலைக்கழகத்தினுள்ளே பிறந்து, ஒன்றிரண்டு பிரதிகளாகவே வாழும் ஏடுகளின் நிலை வேறு. பட்டத்துக்குச் சமர்ப்பித்த ஆய்வேடு, மூதவையின் கூட்ட அறிக்கை, பரீட்சை வினாத்தாள், மாணவர் சங்கத்தின் ஆண்டு மலர், நாடக அரங்கேற்றத்தின் நிகழ்ச்சி நிரல் என அவை பல திறத்தன. இவற்றுட் சில ஏன் கவனமாகப் பேணப்படுகின்றன, சில ஏன் கைவிடப்படுகின்றன என்னும் வினா எனது மனத்தில் நெடுநாளாக இருந்து வருகின்றது.

ஆய்வேடுகள் பேறு பெற்றவை. பட்டத்துக்கான விதியே அவற்றின் பிரதியை நூலகத்திற் சேர்ப்பித்து விடுகின்றது. இதன் பயனுக்கு ஓர் உதாரணம் காட்டலாம். இலங்கையில் திராவிடக் குடியேற்றங்களையும் யாழ்ப்பாண அரசின் தோற்றத்தையும் ஆராய்ந்து, கா. இந்திரபாலா 1965இல் இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடொன்றைச் சமர்ப்பித்தார். அது நூலாக வெளிவராத காலத்திலேயே ஆய்வாளர் பலர் அதனை எடுத்தாண்டனர். நாற்பது ஆண்டுகளின் பின், 2005இல், ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலிலே தமது முந்தைய முடிபுகள் சிலவற்றை அவரே மாற்றிக்கொண்டார். எனினும் பழைய ஆய்வேடு பயனற்றதாகி விடவில்லை. அன்று கிடைத்த சான்றுகள் எவை, அவற்றைக் கொண்டு எவ்வாறு முடிவுக்கு வந்தனர், பின்னர் அம்முடிவு ஏன் மாறியது என்பவற்றை இரண்டையும் அருகருகே வைத்துக் கற்கும் மாணவனே அறிவான்.

வினாத்தாள்களும் இத்தகையனவே. ஒரு பாடத்தில் இருபது ஆண்டுகளாகக் கேட்கப்பட்ட வினாக்களை வரிசையாக வைத்துப் பார்ப்பின், எது அறிவெனக் கருதப்பட்டது, எப்போது நோக்கு மாறியது என்பது புலனாகும். ஆயினும் பரீட்சை முடிந்ததும் அவற்றைத் தேடுவோர் அடுத்த ஆண்டுப் பரீட்சார்த்திகள் மட்டுமே.

மாணவர் சங்கங்களின் ஏடுகளுக்கோ எவ்வித விதியும் இல்லை. 1960களிலே பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்துக்களைப் புதுக்கி மேடையேற்றினார். 1962இல் ‘கர்ணன் போர்’ அரங்கேறியது. ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ என்பன பின்னர் வந்தன. விடிய விடிய ஆடப்படும் கூத்து, பல்கலைக்கழக மாணவராற் சில மணி நேர அரங்க நிகழ்ச்சியாக ஆடப்பட்டது. அவர்களுள் ஒருவரான சி. மௌனகுரு பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். அவ்வாய்வு 1998இல் நூலாயிற்று. ஆகவே அரங்கிற் பிறந்த அறிவு ஆய்வேடாக நிலைபெற்றது. ஆயின் அந்த அரங்கேற்றங்களில் மத்தளம் அடித்தோர் யாவர், பிற்பாட்டுப் பாடியோர் யாவர், ஒத்திகைகள் எவ்வாறு நடந்தன என்பனவற்றை அறிய விரும்புபவன் ஆய்வேட்டை மட்டும் நம்பியிருத்தல் இயலாது. நிகழ்ச்சி நிரலையும், மலரின் செயலாளர் அறிக்கையையும், புகைப்படத்தின் கீழ் ‘இடமிருந்து வலமாக’ எனத் தொடங்கும் பெயர் வரிசையையுமே அவன் நாடவேண்டும்.

இப்பெயர் வரிசையின் அருமையை நான் உணர்ந்தது, பழைய சங்கப் புகைப்படங்கள் சிலவற்றை ஒழுங்குபடுத்த முயன்றபோதாகும். மலரில் அச்சான படத்திலுள்ள அனைவரையும் இனங்காண முடிந்தது. அலுமாரியிற் கிடந்த படங்களிலோ பெயருமில்லை, ஆண்டுமில்லை. மாலை அணிந்து நடுவில் அமர்ந்திருக்கும் அறிஞர் யாரென்று மூத்த விரிவுரையாளர் ஒருவர் கூறினார். பின்வரிசையில் நின்ற மாணவரை அவராலும் கூற இயலவில்லை.

தனிப் பிரதியை மட்டும் நம்பியிருத்தலின் விளைவு எத்தகையது என்பதை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்களுட் பலவற்றை மீண்டும் தேடிப் பெறலாம்; வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுக்கு மாற்றில்லை. தீயினால் மட்டுமே அழிவு வருமென்பதுமில்லை. கறையானும் மழை ஒழுக்கும், அலுவலக அறையை மாற்றும் நாளில் ‘பழைய கடதாசி’ என ஒதுக்கும் கையும் அதே வேலையை ஓசையின்றிச் செய்கின்றன.

2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களோடு மலர்களையும் சஞ்சிகைகளையும் இணையத்திற் சேர்த்து வருகின்றது. இது பெரிதும் போற்றத்தக்கது. எனினும் அங்கு சேர்வதற்கு முதலில் ஒரு பிரதியேனும் எஞ்சியிருத்தல் வேண்டும். எஞ்சச் செய்தல் சங்கத்தின் கடமையாகும். அதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. நிகழ்ச்சி நிரலிலே திகதியோடு ஆண்டையும் அச்சிடுதல், புகைப்படத்தின் பின்புறத்திற் பெயர்களை எழுதுதல், மலரின் இரு பிரதிகளை நூலகத்துக்குக் கையளித்தல், பதவி விலகும் செயலாளர் அறிக்கைப் புத்தகத்தைப் புதியவரிடம் கையொப்பம் பெற்று ஒப்படைத்தல் ஆகியன போதும். இவ்வாண்டுச் செயற்குழு இந்நான்கையும் தனது யாப்பிற் சேர்த்துக்கொள்ளுமாயின், ஐம்பது ஆண்டுகளின் பின் இங்கு கற்க வருவோர் நமது பெயர்களையும் பணிகளையும் ஐயமின்றி அறிந்துகொள்வர்.