கெழுதகைமை

நட்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தமிழ் படித்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் பிசிராந்தையார்தான். பாண்டிநாட்டுப் புலவர், உறையூர்ச் சோழனை நேரில் காணாமலே நண்பரானவர். வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன் அவருக்கென்று இடம் ஒதுக்கிக் காத்திருந்ததைப் புறநானூறு சொல்கிறது. ஆண்டுதோறும் இதைப் பாடமாக நடத்துகிறோம். நம் எதிரில் அமர்ந்திருக்கும் முதலாண்டு மாணவர்களின் நிலையோ நேர்மாறானது. நாள்தோறும் பார்த்துக்கொள்கிறார்கள், நட்புதான் எளிதில் வாய்ப்பதில்லை.

முதல் வாரத்தில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, "எந்த ஊர்?" அடுத்தது, "ஊரில் எந்தப் பக்கம்?" இரண்டாவது கேள்வி எதைத் தேடுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். மாதம் ஒன்று முடிவதற்குள் மதிய உணவுக்கு யார் யாருடன் அமர்வது என்பது முடிவாகிவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன், அப்படித் தனித்துவிடப்பட்ட மாணவர் ஒருவர் ஆயுதபூசை விடுமுறைக்குப் பின் திரும்பவில்லை. தொலைபேசியில் விசாரித்தோம். "தனியா உக்காந்தா சோறு எறங்கல ஐயா" என்றார். அவர் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவர்.

அதன் பிறகு கருத்தரங்கக் கட்டுரைகளை இருவர் இருவராக எழுதச் சொல்கிறோம். இணைகளைச் சீட்டுக் குலுக்கித் தேர்கிறோம். ஒரு பருவம் முழுதும் ஒரே நூலை இருவரும் சேர்ந்து படித்தாக வேண்டும். எல்லா இணைகளும் நட்பாவதில்லை. ஆயினும் அறிமுகத்தால் ஆகாததைச் சேர்ந்து செய்யும் வேலை பலமுறை ஆக்கியிருக்கிறது.

நட்பைக் காப்பது வேறு. நட்பு, நட்பாராய்தல் ஆகியவற்றை அடுத்து, பழைமை என்பதை வள்ளுவர் 81ஆம் அதிகாரமாக வைத்தார். நெடுநாள் பழகியவர் உரிமையோடு செய்வதைப் பொறுத்தல் என்பது அதன் சாரம். அந்த உரிமைக்கு அவர் வழங்கும் சொல் கெழுதகைமை. விடுதியில் அது, கேளாமல் சட்டையை எடுத்து அணிந்து போவது. தேர்வுக்கு முந்தைய இரவில் குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு போவது. இவற்றுக்கெல்லாம் முகம் சுளிப்பவரிடம் நட்பு நிலைப்பதில்லை. எடுக்க மட்டுமே தெரிந்தவர்களை இனங்காண, தீ நட்பு என்ற அதிகாரம் அடுத்தே இருக்கிறது.

மதிய வேளையில் தாழ்வாரத்தைக் கடக்கும்போது நாம் கவனிப்பது ஒன்றைத்தான்: யாருடைய சாப்பாட்டு டப்பாவில் யார் கேளாமல் கை வைக்கிறார்கள் என்பதை. அந்தக் கைகள் ஊரில் எந்தப் பக்கம் என்று பாராமல் நீளத் தொடங்கினால், அவ்வாண்டு யாரும் பாதியில் நின்றுவிடமாட்டார்கள் என்ற நம்பிக்கை நமக்கு வருகிறது.