சொல்லற்ற ஆறுதல்

நோயுற்றோரைக் காணச் செல்லும் நம்மில் பலர் வாயிற்படியிலேயே தயங்கி நிற்கிறோம். என்ன சொல்லித் தேற்றுவது என்னும் அச்சமே காரணம். பேச்சறியாத ஒரு நாயின் வரலாறு அவ்வச்சத்தைச் சற்றே போக்கும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படையின் வான்வழிப் புகைப்படப் பிரிவில் பணியாற்றியவர் வில்லியம் வின். 1944-இல் நியூகினிக் காட்டின் பதுங்குகுழி ஒன்றில் கண்டெடுக்கப்பட்ட ஸ்மோக்கி என்னும் நாயை இரண்டு ஆஸ்திரேலியப் பவுன் கொடுத்து வாங்கினார். எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. 1945-இல் பிலிப்பைன்ஸின் லிங்காயென் விமானத்தளத்தில், 70 அடி நீளமுள்ள குறுகிய குழாய்க்குள் தகவல் தொடர்புக் கம்பியை இழுத்துச் சென்று அது புகழ்பெற்றது.

ஆயினும் நம் உள்ளம் தங்குவது அதற்கு முந்திய ஒரு நிகழ்வில். டெங்குக் காய்ச்சலால் வின் மருத்துவமனையில் கிடந்தபோது, நண்பர்கள் ஸ்மோக்கியை அங்கே கொண்டுவந்தனர். இரவில் அது அவர் கட்டிலிலேயே உறங்கியது. பகலில் செவிலியர் அதைக் காயமுற்ற வீரர்களிடம் எடுத்துச் சென்றனர். மருந்தும் மொழியும் அறியாத அச்சிற்றுயிரின் அருகிருப்பே அவர்களுக்கு ஆறுதலாயிற்று. 1957-இல் ஸ்மோக்கி இறந்தது. வின் 2021 வரை வாழ்ந்தார்.

தோபித்து நூலில், இளைஞர் தோபியா போகும்போதும் திரும்பும்போதும் ஒரு நாய் உடன் நடக்கிறது. அதற்குப் பெயர்கூட இல்லை.

ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் மகனும் மருமகளும் காலணித் தொழிற்சாலைக்குச் சென்றபின், மாலைச் சங்கு ஒலிக்கும்வரை தனித்துப் படுத்திருக்கும் முதியோர் பலர். வேலூர் மருத்துவமனைகளிலோ நம் மொழி அறியாத வடநாட்டவர் காத்திருக்கின்றனர். அவர்களைத் தேற்ற நம்மிடம் சொல் இல்லாதிருக்கலாம். கால்மணி நேரம் அருகில் அமர்ந்திருக்க நம்மால் இயலும்.