ஈரத்துணியும் இயற்பியலும்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். தந்தையார் தாம்பரத்தில் கார் மெக்கானிக். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் கார்கள் சில இன்றும் அவரைத் தேடி வருகின்றன.

கத்திரி வெயிலில், ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் நின்றுவிடும் வண்டிக்கு அவருடைய முதல் வைத்தியம் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி. பட்டறையில் இதை 'ஏர் லாக்' என்பார்கள். உண்மையில் அடைப்பது காற்றன்று, பெட்ரோலின் ஆவியே. பம்பு இருப்பது கொதிக்கும் எஞ்சின் பக்கத்தில். டாங்கியோ வண்டியின் பின்னால். அவ்வளவு தூரம் உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் அல்லவா? ஈரத்துணியின் நீர் ஆவியாகும்போது உள்ளுறை வெப்பத்தைக் கொண்டுபோகிறது. வெப்பவியல் வகுப்புக்கு முன்பே எங்கள் பட்டறையில் நடந்துவந்த சோதனை இது!

சென்ற மே மாதம் பெருங்களத்தூர்க்காரர் ஒருவர் மின்சாரப் பம்பு பொருத்திய வண்டியுடன் வந்தார். அப்போதும் வண்டி நின்றது. பம்பு பானெட்டுக்குள், சைலன்சர் குழாய் அருகே இருந்தது.

"கிணத்து மோட்டாரைக் கூரை மேலயா வைப்பாங்க?" என்று சொல்லி, அப்பா அதைக் கழற்றி டாங்கியருகே தாழ்வாகப் பொருத்தினார். உறிஞ்சுவதைவிடத் தள்ளுவது மேல். குழாயில் அழுத்தம் ஏறும், ஆவி எழாது.

வண்டி ஓடியது. ஆனால் கார்புரேட்டர் வழிந்தது. மிதவை ஊசி தேய்ந்திருக்கும் என்றார் அப்பா. நான் அழுத்தமானி வைத்துப் பார்த்தேன்: சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு. அதற்கு 3 போதும்; மிகுந்தால் ஊசியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வரும். ரெகுலேட்டர் ஒன்றைப் போட்டதும் வழிவது நின்றது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாக்பீஸை என்னிடம் நீட்டி, அந்த 3-ஐப் பட்டறைச் சுவரில் எழுதச் சொன்னார்.