அஞ்சாவது முடிச்சாச்சு... அப்புறம்?

பழவேற்காடு என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது பூநாரைகள், டச்சுக்காரர்கள் கல்லறை, அப்புறம் இறால் வறுவல். ஆனால் அந்த ஏரியை ஒட்டித்தான் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற மீனவர் ஊர்களும் இருக்கின்றன. அந்த ஊர்ப் பிள்ளைகள் சின்னப் பள்ளிக்கூடத்தை விட்டுப் பெரிய பள்ளிக்கூடம் போவதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

இந்த மூன்று ஊர்களிலும் 'பாடு' என்றொரு பழைய வழக்கம் உண்டு. ஏரியில் யார், எங்கே, எப்போது வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். தன் முறை எப்போது வரும் என்பது முன்பே தெரியும் என்பதால் வலையைச் சரிபார்த்துத் தயாராக இருக்கலாம். அதே வீட்டுப் பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போவதும் முன்பே தெரிந்த விஷயம்தானே? அதற்கு என்ன தயாரிப்பு? பெரும்பாலும் ஜூன் மாதம் மாற்றுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போவதோடு சரி! (கோட்டைக்குப்பம் என்றில்லை, தமிழ்நாட்டில் பல ஊர்களில் இதே கதைதான்.)

அப்படி என்ன பெரிதாக மாறிவிடுகிறது என்று கேட்கலாம். சின்னப் பள்ளியில் பெரும்பாலும் ஒரே டீச்சர். பிள்ளையின் அம்மா அப்பாவைக்கூட அவருக்குத் தெரியும். பெரிய பள்ளியில் மணி அடித்தால் வேறு ஆசிரியர், வேறு நோட்டு. ஐந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்த சிநேகிதி வேறு செக்‌ஷனுக்குப் போயிருப்பாள். புரியவில்லை என்றால் யாரிடம் கேட்பது என்றே தெரியாது.

சாப்பாடும் ஒரு விஷயம். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கென்று வந்தது. விடியற்காலையில் அம்மா மீன் வியாபாரத்துக்குக் கிளம்பிவிடும் வீட்டில், ஆறாவது போகும் பிள்ளையின் காலைச் சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு? இதையும் முன்பே யோசிக்க வேண்டும்.

அடுத்த படி ஒன்பதாம் வகுப்பு. எட்டாவது வரை தேர்ச்சி பற்றிய பயம் இல்லை. (5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019இல் அறிவித்த தமிழக அரசு 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது.) ஆக, வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகூட ஒன்பதாவதுக்கு வந்துவிட முடியும். உண்மை தெரிவது அங்கேதான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும். அரையாண்டுத் தேர்வும் அதை ஒட்டித்தான் வரும். கணக்கு வராத பையனுக்குக் கையில் காசு வரும் வழி எது என்று சொல்லவா வேண்டும்?

இப்போது காசுக் கணக்குக்கு வருவோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அடுத்த ஆண்டு பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக 6 முதல் 12ஆம் வகுப்பு வரை எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்றுதான் பார்க்கிறார்கள். அதாவது கணக்கு ஆறாவதிலேயே தொடங்கிவிடுகிறது! பன்னிரண்டாவது முடித்த பிறகு இது தெரிந்து என்ன பயன்?

இன்னொன்று, என்.எம்.எம்.எஸ். தேர்வு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாவது படிப்பவர்கள் எழுதலாம். மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு வருடத்துக்கு 48,000. படிப்பை நிறுத்தலாமா என்று யோசிக்கும் வீட்டுக்கு இது சின்னத் தொகை இல்லை.

சரி, என்ன செய்யலாம்?

1. ஏப்ரலிலேயே ஒருநாள் பிள்ளைகளைப் பெரிய பள்ளிக்கு அழைத்துப் போய்க் காட்டலாம். வகுப்பறை, கழிப்பறை, தண்ணீர்க் குழாய், பஸ் நிற்கும் இடம் எல்லாம்.

2. மே மாதம் தினமும் அரைமணி நேரம் தமிழ் வாசிப்பு, கொஞ்சம் ஆங்கிலம், வாய்ப்பாடு. புதுப் பாடம் வேண்டாம், பழையது உறுதியானால் போதும்.

3. கால அட்டவணை பார்த்துப் பை அடுக்கப் பழக்கலாம்.

4. ஆதார், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும், ஆதாரிலும் மாற்றுச் சான்றிதழிலும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் அலைச்சல்தான்.

5. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே ஊரிலிருந்து அதே பள்ளியில் படிக்கும் ஓர் அக்காவோ அண்ணனோ துணை. முதல் மாதம் கூடவே போய் வந்தால் போதும்.

இதையெல்லாம் செய்ய பெரிய பணம் வேண்டாம். ஊரில் கல்லூரிக்குப் போகும் நாலு பேர் போதும். அவர்களுக்கும் மே மாதம் லீவுதானே!

ஏரித் தொழில் கேவலம் என்று யாரும் சொல்லவில்லை. வலையா கல்லூரியா என்று பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளையே யோசித்து முடிவு செய்யட்டும். பதினொரு வயதில் புதுப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துப் பயந்து அந்த முடிவு எடுக்கப்படக் கூடாது. அவ்வளவுதான்.