முள்ளும் இல்ல, சாவியும் இல்ல

வாட்ச் பத்தி ஒரு பதிவு ரொம்ப நாளா டிராஃப்ட்லயே கிடந்தது. இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி, அதனால மாட்டிக்கிட்டீங்க மக்களே :-)

யூலிஸ் நார்டின், சுவிட்சர்லாந்துல லெ லோக்ல் ஊர்ல 1846-ல ஆரம்பிச்ச கம்பெனி. கப்பல் க்ரோனோமீட்டருக்குப் பேர் போனது. குவார்ட்ஸ் வந்து மெக்கானிக்கல் வாட்ச் தொழிலையே அடிச்சு நொறுக்கின காலத்துல, 1983-ல, ரோல்ஃப் ஷ்னைடர் என்பவர் அதை வாங்கினார். அவங்க 2001-ல, அதாவது நான் மூக்கு ஒழுக எல்.கே.ஜி. போன சமயத்துல, வெளியிட்ட வாட்சோட பேர் ஃப்ரீக். பேருக்கேத்த கிறுக்கு.

சாதாரண வாட்ச்ல இயந்திரம் அடியில ஒளிஞ்சிருக்கும், மேல டயல், அதுல முள் சுத்தும். ஃப்ரீக்ல டயலும் கிடையாது, முள்ளும் கிடையாது. பல்சக்கரம், பேலன்ஸ் வீல் எல்லாம் ஒரு நீளமான சட்டத்துல உக்காந்துகிட்டு, அந்த மொத்த சட்டமும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு சுத்து சுத்துது. அதோட நுனிதான் நிமிஷ முள்! மணியைக் காட்ட அடியில ஒரு தட்டு. இவ்வளவையும் தள்ளுற மெயின் ஸ்பிரிங் அதுக்கும் கீழே, கிட்டத்தட்ட கேஸ் அகலத்துக்கு இருக்கு. ஒரு தடவை முழுசா சாவி கொடுத்தா ஒரு வாரம் ஓடும். சாவி கொடுக்க பக்கவாட்டுல திருகும் கிடையாது. பின்பக்க வளையத்தைத் திருகணும். டைம் மாத்தணும்னா, ஆறு மணி பக்கம் இருக்கிற சின்ன பூட்டைத் தூக்கிட்டு முன்பக்க வளையத்தைத் திருகணும். (2019-ல வந்த ஃப்ரீக் எக்ஸ்ல திருகு வெச்சுட்டாங்க. எனக்கு அது பிடிக்கல.)

"ஐந்நூறு ரூபாய் குவார்ட்ஸ் இதைவிட கரெக்டா டைம் காட்டும், லட்சக்கணக்குல கொடுத்து இதையா வாங்குவான்?"னு என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனா அவன் ஒண்ணைக் கவனிக்கல. எஸ்கேப்மெண்ட்ங்கிற பாகம்தான் ஸ்பிரிங்கோட சக்தியை ஒவ்வொரு சொட்டா விடுறது. அதுல எப்பவும் எண்ணெய் தலைவலி: காயும், கெட்டியாகும், வாட்ச் தப்பு டைம் காட்டும். ஃப்ரீக்ல அந்த சக்கரங்களை சிலிக்கான்ல செஞ்சாங்க. ஆமாங்க, நம்ம சோறு போடுற அதே சிலிக்கான்! எஃகோட ஒப்பிட்டா மூணுல ஒரு பங்கு எடைதான், காந்தம் பாதிக்காது, எண்ணெயும் பெருசா கேக்காது. அந்த இரட்டைச் சக்கர அமைப்பை கம்பெனியே பிற்பாடு மாத்திடுச்சு, ஆனா சிலிக்கான் நின்னுடுச்சு. 2017-ல டிஸ்ஸாட் தன்னோட பலாட் மாடல்லயே சிலிக்கான் ஹேர்ஸ்பிரிங் போட்டது. பணக்காரன் பொம்மையில சோதிச்சது கீழ வரைக்கும் இறங்கி வந்திருக்கு.

நான் இந்தப் பதிவை எழுத உக்காந்தது வேற விஷயத்துக்காக. ஃப்ரீக்னு சொன்னதும் வாட்ச் ரசிகர்கள் பெரும்பாலும் லுட்விக் ஓக்ஸ்லின் பேரைத்தான் சொல்லுவாங்க. மனுஷன் மேதை, சந்தேகமே இல்ல. கையில கட்டுற மாதிரி ஆக்கினது அவர்தான். ஆனா இயந்திரத்தையே நடுவுல சுத்த விடுற யோசனை கரோல் ஃபோரெஸ்டியேன்னு ஒரு இளம் பெண்ணோடது. 1997-ல ப்ரெகே அறக்கட்டளைப் பரிசை வாங்கின யோசனை அது. அப்புறம் அவங்க கார்டியேல பல வருஷம் இயந்திரங்கள் உருவாக்கினாங்க. அவங்க பேர் பல கட்டுரைகள்ல மூணாவது பத்தியிலதான் வரும், அதுவும் வந்தா.

படிச்சப்போ சுருக்குனு இருந்தது. போன ரிலீஸ்ல எங்க டீம் ஜூனியர் பொண்ணு ஒருத்தி, நாங்க ஆறு மாசமா முட்டிக்கிட்டிருந்த கேஷ் பிரச்சினைக்கு ஒரு ஏ-4 பேப்பர்ல வழி வரைஞ்சு காட்டினா. கோடா மாத்தினது நாங்க நாலு பேர். கிளையண்டுக்குப் போன மெயில்ல நாலு பேர் பேரும் இருந்தது, அவ பேர் இல்ல. அவ ஒண்ணும் கேக்கல. கேண்டீன்ல டீ குடிச்சிட்டு சீட்டுக்குப் போயிட்டா. மெயில் அனுப்பினவர்கிட்ட நான் கேட்டதுக்கு, "ஐடியா யாரு வேணா சொல்லலாம்பா"ன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரிலீஸ். இந்தத் தடவை மெயில் டைப் பண்றது நான்தான். அதே கேஷோட ரெண்டாம் பாகம், அவ பேர் முதல் வரியில இருக்கு. அனுப்புறதுக்கு முன்னாடி மேலிடம் பாக்கும். வெட்டினாங்களா விட்டாங்களான்னு பின்னூட்டத்துல சொல்றேன்.