கைப்பட்டி அளக்காத அமுக்கம்

மூச்சு வாங்குகிறது என்று என் மூத்த ராத்தா சொன்ன போதெல்லாம் பிரசர் மெசினைக் கையில் கட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்டுமில்ல ராத்தா, நூற்றிருபதுக்கு எண்பது, குமர்ப்புள்ளைக்கு இருக்கிற பிரசர்" என்று அனுப்பி வைத்தவன் நான். தெரியாமல் சொல்லியிருந்தால் கதை வேறு. அட்டாளைச்சேனையில் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறவன் நான். உடம்புக்குள் இரண்டு குருதியமுக்கங்கள் உண்டென்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவன். உடம்பெங்கும் குருதி கொண்டுபோகும் பெருநாடியில் 120/80 என்றால், நுரையீரல் நாடியில் ஏறத்தாழ 25/10 தான். கையில் கட்டும் பட்டி முதலாவதை மட்டுமே அளக்கும்.

பிள்ளைகள் இதை மறக்காதிருக்க நாய்களின் கதையையும் சொல்வேன். 1950இல் பிரான்சின் மார்செய் நகரில் ஹென்றி மெத்ரா நாய்களுக்கு நுரையீரல் மாற்றிப் பார்த்தார். நாளங்களை ஒவ்வொன்றாகத் தைக்காமல், இடது சோணையறையின் ஒரு துண்டோடு சேர்த்துத் தைத்தது அவருடைய கெட்டித்தனம். பிறகு வந்தவர்கள் இன்னும் கடுமையான சோதனை வைத்தார்கள். புது நுரையீரல் ஒன்றை மட்டும் நம்பி நாய் உயிர்வாழுமா என்றறிய, மற்றப் பக்கத்து நுரையீரல் நாடியைக் கட்டிவிட்டார்கள். குருதி முழுவதும் புதியதற்குள் பாய, பல நாய்களில் அமுக்கம் எகிறியது; வலது இதயவறை களைத்தது; நாய் செத்தது. மாற்றிய நுரையீரலே உதவாது என்று முடிவுகட்டியவர்களும் உண்டு. 1960களின் கடைசியில் நியூயோர்க்கில் பிராங்க் வீத்தின் குழு பிழை தையலில் என்று காட்டியது. குழாய்கள் பொருந்தும் இடம் ஒடுங்கிக் கிடந்தது. ஒடுங்காமல் தைத்தபோது அமுக்கம் தணிந்தது, நாய்களும் பிழைத்தன.

நாய்களோடு நிறுத்தமாட்டேன், பூனைகளும் வரும். 1946இல் சுவீடனில் வொன் ஒய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளுக்கு ஒட்சிசன் குறைந்த வாயுவைச் சுவாசிக்கக் கொடுத்தார்கள். நுரையீரல் நாடியின் அமுக்கம் ஏறியது. புகையால் கெட்டு, ஒட்சிசன் எடுக்க மாட்டாமல் போன நுரையீரலிலும் இதுவே நடக்கும் என்று சொல்லிப் பாடத்தை முடிப்பேன்.

என் ராத்தா கலியாணம் முடித்த நாளிலிருந்து உமி அடுப்பில் நெல் அவித்தவர். அந்த அரிசியில் எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு வரும். "கிணத்தடிக்குப் போய் வாறதுக்கும் ஏலாமக் கெடக்கு தம்பி" என்றார். கால் வீங்கியிருந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னேன். வலது இதயவறை களைத்தால் கால் வீங்கும் என்பது நானே வினாத்தாளில் கேட்ட கேள்வி.

ஏன் வாய் திறக்கவில்லை? இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று சொன்னால், யாராவது தூரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வரிசையில் நிற்கவேண்டும். அந்த யாராவது நான்தான் என்று எனக்குத் தெரியும். ஊரில் என்னைச் 'சேர்' என்பார்கள். பிரசர் பார்க்க வீடு தேடி வருவார்கள். 'ஒண்டுமில்ல' என்றதும் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அடுப்பை விடு என்றாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அரிசிப் பங்கு நின்றுவிடும் என்ற கணக்கும் உள்ளே இருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் இருந்தது.

கடைசியில் ராத்தாவின் மகள்தான் கூட்டிப்போனாள். நுரையீரல் நாடியில் அமுக்கம் கூடி, இதயத்தின் வலது பக்கம் வீங்கிவிட்டது என்றார்கள். பார்க்கப் போனேன். "நீ பாத்த பிரசர் சரிதானாம் தம்பி, இது நெஞ்சுக்குள்ள இருக்கிற வேற பிரசராம். உனக்கும் இது தெரிஞ்சிருக்காதுதானே?" என்று ராத்தா கேட்டார்.

ஓம் ராத்தா, தெரியாது என்றேன்.